அளந்தபின் மாற்றுங்கள்: பழைய அம்பாசடர் வைத்திருக்கும் அன்பர்களுக்கு

வாசலில் ஒரு பழைய அம்பாசடரை நிறுத்திக்கொண்டு, அதன் யந்திரத்தில் தேய்ந்துபோன உறுப்புகளைப் பிறர் கையை எதிர்பாராமல் தாமே கழற்றி மாற்றிவிடவேண்டும் என்ற ஆவலோடு விடுமுறை நாள்தோறும் ஸ்பேனர்ப் பெட்டியைத் திறந்து உட்காரும் உங்கள் அனைவருக்கும், அதே காரியத்தில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகளைச் செலவிட்டவன் என்ற ஒரே பாத்தியதையைக் கொண்டு இம்மடலை எழுதத் துணிந்தேன். நான் தொழில்முறை மெக்கானிக் அல்லன்; திண்டுக்கல்லில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவன். என் தந்தையார் 1972-இல் வாங்கிய மார்க் 2 வண்டி இன்றும் என் வீட்டுக் கொட்டகையில் நிற்கிறது. மாதம் இருமுறை பழனிக்கோ மதுரைக்கோ போய்வருகிறது. உங்களிடம் வேண்டிக்கொள்ள எனக்கு ஒரு விஷயந்தான் உண்டு. யந்திரத்தின் எந்த உறுப்பையும், அது எந்த இடத்தில் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று அளந்து, அந்த அளவை ஒரு நோட்டில் எழுதிவைக்காமல் மாற்றாதீர்கள்.

இவ்வேண்டுகோளை இப்போது விடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. மேற்கு வங்காளத்தில் ஹூக்ளி மாவட்டத்து உத்தரபாராவில், ஆங்கில நாட்டு மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசை வண்டியை மூலமாகக் கொண்டு 1950-களின் இறுதியில் பிறந்த அம்பாசடர், பல மாற்றங்களைக் கண்டும் உருவம் மாறாமல் அரைநூற்றாண்டுக்கு மேல் வெளிவந்து, 2014-ஆம் ஆண்டு மே மாதத்தில் உற்பத்தி நின்றுபோயிற்று. 2017-இல் அதன் பெயரும் 80 கோடி ரூபாய்க்குப் பிரெஞ்சுக் கம்பெனி ஒன்றுக்குக் கைமாறிவிட்டது. வண்டியைச் செய்தவர்கள் விலகிக்கொண்டார்கள் என்பதைக் காட்டிலும், அதை அறிந்தவர்கள் ஒவ்வொருவராக மறைந்துவருகிறார்கள் என்பதே எனக்குப் பெருங்கவலையாக இருக்கிறது. எங்கள் ஊரில் காதை வைத்தே எந்தச் சிலிண்டரில் கோளாறு என்று சொல்லக்கூடிய மேஸ்திரிகள் நால்வர் இருந்தார்கள். இன்று ஒருவரும் இல்லை. அவர்கள் கைப்பழக்கத்தில் வைத்திருந்த ஞானத்தை எழுதிவைக்கவில்லை; நாமும் கேட்டு எழுதிக்கொள்ளவில்லை. இனி நமக்கு ஆசான், பழைய பழுதுபார்ப்புக் கையேடும், நம் கையில் உள்ள அளவுகோலும், தேய்ந்த உறுப்பு தானே சொல்லும் விருத்தாந்தமும்தான்.

நான் பேசுவது பி.எம்.சி. பி வரிசை எனப்படும் 1489 சி.சி. பெட்ரோல் யந்திரத்தைப் பற்றியது. பின்னாளில் வந்த இசுசு யந்திரத்தையோ டீசல் வண்டிகளையோ பற்றிப் பேச எனக்கு அனுபவம் போதாது. எம்.ஜி.ஏ. என்னும் பந்தய வடிவ வண்டிக்கும் மூச்சுக் கொடுத்த அதே குடும்பத்தைச் சேர்ந்த இந்த யந்திரம், 73.025 மில்லிமீட்டர் குறுக்களவும் 88.9 மில்லிமீட்டர் ஓட்டமும் கொண்ட நான்கு சிலிண்டர்களும், கிராங்கைத் தாங்கும் மூன்று மெயின் பேரிங்குகளும் உடையது. கனத்த வார்ப்பிரும்பால் ஆனது. பொறுமையுள்ள எவரும் வீட்டிலேயே பிரித்துப் பூட்டத்தக்கவாறு மிக எளிய கிரமத்தில் அமைந்தது. அந்த எளிமையே நம்மை ஏமாற்றியும் விடுகிறது.

நான் ஏமாந்த கதையைச் சொல்கிறேன். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன், வண்டி ஆயிலை அதிகமாகக் குடிக்கத் தொடங்கவே, பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது என்று நானே நிர்ணயம் செய்துகொண்டு, ஒரு செட் புது ரிங்கும் கனெக்டிங் ராடுகளுக்குப் புது பேரிங்கும் வாங்கிவந்து, கோடை விடுமுறையில் வேலையைத் தொடங்கினேன். ஹெட்டைக் கழற்றி, அடியில் சம்ப்பை இறக்கி, பிஸ்டன்களை மேற்புறமாகத் தள்ளியபோது, ஒவ்வொரு பிஸ்டனும் சிலிண்டரின் விளிம்புக்குச் சற்றுக் கீழே வந்து இடறி நின்றது. மரக்கட்டையை வைத்துத் தட்டி வெளியே எடுத்தேனே ஒழிய, ஏன் இடறுகிறது என்று யோசிக்கவில்லை. புது ரிங்குகளைப் போட்டுப் பூட்டி ஓட்டினேன், புகை நின்றது, மனம் பூரித்தது. முந்நூறு கிலோமீட்டர் ஓடியிருக்கும். ஒட்டன்சத்திரம் சாலையில் யந்திரத்துக்குள் கூர்மையான ஒரு தட்டுச் சப்தம் எழுந்தது. மறுபடியும் பிரித்துப் பார்க்கையில், இரண்டாம் சிலிண்டரில் மேல் ரிங் மூன்று துண்டாகக் கிடந்தது. சிலிண்டர்ச் சுவரில் நகக்கீறல் போல் நெடுங்கோடு விழுந்திருந்தது.

சிலிண்டர்ச் சுவர் மேலிருந்து கீழ்வரை ஒரே சீராகத் தேய்வதில்லை. வெப்பமும் அழுத்தமும் உச்சத்தில் இருந்து, ஆயில் மிகக் குறைவாக எட்டும் இடம் மேல் ரிங் போய்த் திரும்பும் எல்லையாகும். அங்கேதான் தேய்மானம் மிகுதி. அதற்கு மேல் ரிங் தொடாத ஒரு சிறு வளையம் தேயாமல் படிபோல் நின்றுவிடுகிறது. பழைய ரிங் ஆண்டுக்கணக்காக அந்தப் படியோடு உராய்ந்து தன் ஓரத்தை வளைத்துக்கொண்டு அதனோடு சமாதானமாக வாழ்ந்திருக்கும்; ஓரம் மழுங்காத புது ரிங்கோ அந்தப் படியில் நேராகப் போய் மோதும். போதாக்குறைக்கு, நான் ராடுக்குப் புது பேரிங் போட்டதனால் தளர்ச்சி நீங்கி, பிஸ்டன் முன்னிலும் ஒரு மயிரிழை மேலே ஏறியிருக்கிறது. பிளாக்கை லேத்துப் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போனபோது, அங்கிருந்த பெரியவர் ஒரு கருவியையும் எடுக்காமல், சுட்டுவிரல் நகத்தைச் சிலிண்டருக்குள் விட்டு மேலே இழுத்து, “நகத்துலயே தட்டுதே சார், பாக்கலையா?” என்று கேட்டார். அந்தக் கேள்வியை நான் இன்றும் மறக்கவில்லை. அவர் டயல் கேஜை வைத்து அளந்தபோது தேய்மானம் 11 தௌ என்று காட்டிற்று; தௌ என்பது பட்டறை வழக்கில் ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு. 10 தௌவை நெருங்கிய சிலிண்டரில் ரிங்கை மட்டும் மாற்றுவது காசையும் உழைப்பையும் வீணாக்குவதாகும். பிறகு நான்கு சிலிண்டரையும் 20 தௌ பெரிதாகப் போரிங் செய்து, அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டன்களைப் போடவேண்டியதாயிற்று.

வீட்டில் டயல் கேஜ் இல்லையே, நாங்கள் எப்படி அளப்பது என்று நீங்கள் கேட்கலாம். அதற்கு ஓர் உபாயம் உண்டு. இந்த மடலில் உள்ள மற்றவற்றையெல்லாம் மறந்தாலும் இதை மறக்கவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒரே ஒரு பிஸ்டன் ரிங்கையும் குறைந்த விலைக்குக் கிடைக்கும் ஃபீலர் கேஜையும் எடுத்துக்கொள்ளுங்கள். ரிங்கைச் சிலிண்டரின் அடிப்பாகத்தில், பிஸ்டன் ரிங் எட்டாத தேயாத இடத்தில் வைத்து, பிஸ்டனைத் தலைகீழாக விட்டுத் தள்ளி ரிங்கைச் சம மட்டமாக்கி, அதன் இரு முனைகளுக்கும் இடையே உள்ள இடைவெளியை அளந்து எழுதுங்கள். பின்னர் அதே ரிங்கை மேல் விளிம்பிலிருந்து சற்றுக் கீழே, தேய்மானம் மிக்க இடத்தில் வைத்து மீண்டும் அளந்து எழுதுங்கள். குறுக்களவு கூடினால் சுற்றளவு அதைப்போல் 3.14 மடங்கு கூடும் என்பது நாம் எட்டாம் வகுப்பில் படித்த கணக்கு. ஆதலால் இரண்டு இடைவெளிகளின் வித்தியாசத்தை 3.14-ஆல் வகுத்தால் வருவதே சிலிண்டரின் தேய்மானம். கீழே 10 தௌ, மேலே 41 தௌ என்று இருந்தால், வித்தியாசம் 31. தேய்மானம் ஏறக்குறைய 10 தௌ. விலையுயர்ந்த கருவி சொல்வதை இந்தச் சிறு தகடுகள் சொல்லிவிடுகின்றன. சிலிண்டர் முட்டைவடிவமாகத் தேய்ந்திருப்பதை மட்டும் இந்த உபாயம் காட்டாது. அதற்குப் பட்டறைக்குத்தான் போகவேண்டும். புது ரிங் போடும்போது முனை இடைவெளி 8 முதல் 13 தௌவுக்குள் இருக்கவேண்டும் என்பது கையேட்டின் விதி. குறைந்தால், சூட்டில் விரிந்த ரிங்கின் முனைகள் ஒன்றோடொன்று முட்டி இறுகிவிடும்.

கழற்றுவதற்கு முன்பே பலவற்றை அறியலாம். யந்திரம் சூடாக இருக்கும்போது நான்கு பிளக்குகளையும் எடுத்துவிட்டு, காயில் ஒயரைப் பிரித்துவைத்து, ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்தபடி ஸ்டார்ட்டரைச் சுழற்றி, கம்ப்ரெஷன் கேஜில் ஒவ்வொரு சிலிண்டரின் அளவையும் குறித்துக்கொள்ளுங்கள். அளவு எவ்வளவு என்பதைவிட நான்கும் ஒத்திருக்கின்றனவா என்பதே முக்கியம். குறைந்த சிலிண்டரில் ஒரு கரண்டி ஆயிலை ஊற்றி மீண்டும் பரீட்சித்தால், அளவு ஏறினால் கோளாறு ரிங்கிலோ சுவரிலோ, ஏறாவிட்டால் வால்வில், அடுத்தடுத்த இரண்டும் சேர்ந்து குறைந்திருந்தால் இடையிலுள்ள ஹெட் கேஸ்கெட்டில். சப்தங்களையும் இப்படியே பகுத்தறியலாம். குளிர்ந்த யந்திரத்தில் கேட்டு, சூடானதும் அடங்குவது பிஸ்டனின் தளர்ச்சி. ஒரு பிளக்கின் ஒயரை எடுத்ததும் தணியும் தட்டல் அந்தச் சிலிண்டரின் ராடு பேரிங்கினுடையது. பாரம் ஏறும்போது அடிவயிற்றிலிருந்து எழும் கனத்த முழக்கம் மெயின் பேரிங்கினுடையது. அதைக் கேட்டபின் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டவேண்டாம்.

நீலப்புகை எல்லாவற்றுக்கும் ரிங்கே காரணம் என்பது நம்மவர் நெஞ்சில் ஊறிய அபிப்பிராயம். அது தவறு என்பதை நான் கண்டது கொடைக்கானல் மலைப்பாதையில். இறக்கத்தில் காலை எடுத்துவிட்டு வெகுதூரம் உருண்டு, மீண்டும் ஆக்சிலரேட்டரை மிதித்தபோதெல்லாம் பின்னால் நீல மேகம் எழுந்தது; ஏற்றத்தில் ஒன்றுமில்லை. கண்டவரெல்லாம் மறுபடியும் போரிங் என்றார்கள். முன்போல் அவசரப்படாமல் அளந்து பார்த்தேன். நான்கு சிலிண்டரும் ஒத்திருந்தன. ஆகவே ஆயில் மேலிருந்து வால்வுத் தண்டு வழியாக இறங்குகிறது என்று தெளிந்து ஹெட்டைக் கழற்றினேன். ஒவ்வொரு வால்வுத் தண்டின் தலைப்பிலும், ஸ்பிரிங் மூடிக்குள், பூட்டுத் துண்டுகளுக்குக் கீழே, ஒரு சிறு ரப்பர் வளையம் உண்டு. அந்த எட்டும் கண்ணாடிபோல் இறுகி, விரல் பட்டதும் பொடியாய் உதிர்ந்தன. எட்டு ரப்பர் வளையங்களோடு ஓர் எஞ்சின் வேலை முடிந்தது. ஸ்பிரிங்கை அழுத்திப் பிடித்தபின்னரே வளையத்தைத் தண்டில் ஏற்றவேண்டும் என்பதை மட்டும் கவனியுங்கள்; முன்னரே போட்டால் மூடி அதை நசுக்கிவிடும்.

ஹெட்டைத் தொடுகிறவர்கள் மற்றொன்றிலும் ஜாக்கிரதையாக இருக்கவேண்டும். இந்த யந்திரத்தில் ஹெட்டை இறுக்கும் நட்டுகள் பதினொன்று. அவற்றுள் நான்கு ராக்கர் தாங்கிகளையும் சேர்த்தே பிடித்துக்கொண்டிருக்கின்றன. ஆகையால் ராக்கரை மட்டுந்தானே கழற்றுகிறோம் என்று அந்த நான்கை மட்டும் தளர்த்தினால், மற்ற ஏழும் ஒரு பக்கமாக இழுத்து ஹெட் கோணிப்போகும். ரேடியேட்டர் நீரை வடித்துவிட்டு, பதினொன்றையும் சிறிது சிறிதாக, முறைப்படி தளர்த்தவேண்டும். இறுக்கும்போது நடுவிலிருந்து ஓரத்துக்குப் போகவேண்டும். எடுத்த புஷ் ராடுகளையும் வால்வுகளையும் அட்டையில் எட்டுத் துளையிட்டு அதனதன் ஸ்தானத்தில் செருகிவையுங்கள். ஒன்றோடொன்று தேய்ந்து பழகிய உறுப்புகள் ஜோடி மாறினால் புதிதாகத் தேயத் தொடங்கும்.

டேப்பெட்டைப் பற்றி நீட்டி எழுத ஆசை, சுருக்கமாகச் சொல்கிறேன். கையேடு விதிக்கும் இடைவெளி 15 தௌ. வால்வுகளை முன்னிருந்து 1 முதல் 8 வரை எண்ணிக்கொண்டால், எந்த வால்வு முழுதும் திறந்து நிற்கிறதோ அதன் எண்ணை 9-இலிருந்து கழித்து வருகிற வால்வைச் சரிசெய்யவேண்டும். 1 திறந்திருக்கையில் 8, 3 திறந்திருக்கையில் 6. இது பழைய மேஸ்திரிகள் வாய்ப்பாடாகச் சொல்லிவந்தது. அவர்கள் காலத்தில் இல்லாத ஒரு விஷயத்தை நாம் சேர்த்துக்கொள்ளவேண்டியிருக்கிறது. 2000-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நம் நாடு முழுதும் ஈயம் நீக்கிய பெட்ரோலே விற்கப்படுகிறது. மக்களின் சுவாசத்துக்கு அது பெரும் நன்மை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் எக்ஸாஸ்ட் வால்வு வந்து அமரும் வார்ப்பிரும்புப் பீடத்துக்கு ஈயம் ஒரு மெத்தைபோல் உதவிவந்தது. அது நீங்கியபின், நெடுநேரம் வேகமாக ஓட்டினால் பீடம் அரிக்கப்பட்டு வால்வு உள்ளே அமிழ்கிறது. அமிழ அமிழ டேப்பெட் இடைவெளி குறைகிறது. கடைசியில் வால்வு முழுதாக மூடாமல் எரிந்துபோகிறது. டேப்பெட் சப்தமிட்டால் எல்லாரும் பதறுகிறோம். முன்பு சப்தமிட்டது மௌனமாகிவிட்டால் மகிழ்கிறோம். பயப்படவேண்டியது மௌனத்துக்குத்தான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எட்டு இடைவெளிகளையும் எழுதிவந்தால், எந்தப் பீடம் அமிழ்கிறது என்பது ஓராண்டுக்குள் நோட்டிலேயே தெரிந்துவிடும்; அந்த ஒரு வால்வுக்கு மட்டும் கடினமான இரும்பில் புதுப் பீடம் செருகினால் போதும். இப்போது எத்தனால் கலந்த பெட்ரோலும் வந்துவிட்டமையால், பழைய ரப்பர்க் குழாய்களையும் பெட்ரோல் பம்பின் டயஃப்ரத்தையும் அடிக்கடி பார்த்துவாருங்கள்.

அடிப்பாக வேலையில் நமக்கு ஒரு சௌகரியம் உண்டு. இந்த யந்திரத்தின் கனெக்டிங் ராடுகளின் பெரிய முனை சாய்வாகப் பிளந்திருப்பதனால், ராடும் பிஸ்டனும் சேர்ந்து சிலிண்டர் வழியாகவே மேலே வந்துவிடும். பிஸ்டன் பின்னை ஒரு சிறு போல்ட் கவ்விப் பிடித்திருக்கும். ராடைக் கையில் பிடித்துக்கொண்டு அதை முறுக்கினால் ராடே முறுகிவிடும் என்பதால், பின்னின் இருபுறமும் அடை கொடுத்து வைஸில் பிடித்துத் தளர்த்தவேண்டும். கிராங்கின் ராடு ஜர்னல் புதிதில் 1.8759 அங்குலம், மெயின் ஜர்னல் 2 அங்குலம். நான்கு திசையில் மைக்ரோமீட்டர் வைத்து அளந்து, உருண்டை குலையாமல் இருந்தால் மட்டுமே அதே அளவு பேரிங்கைப் போடலாம். குலைந்திருந்தால் கிரைண்டிங் செய்து 10 அல்லது 20 தௌ குறைந்த அளவுக்குப் போகவேண்டும். அது பட்டறை வேலை; வீட்டில் அதற்கு வழியில்லை. தளர்ந்த பேரிங்கை இறுக்குவதற்காக மூடியை அரம் போட்டுத் தேய்க்கும் கொடிய வழக்கம் சில இடங்களில் இருந்தது. தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். அப்படித் தேய்த்த மூடியை எந்தப் பேரிங்காலும் பின்னர் வட்டமாக்க முடியாது. அந்த ராடு அன்றோடு செத்தது.

கிளச் பக்கமாக ஆயில் ஒழுகுகிறதே, பின் ஆயில் சீலை மாற்றவேண்டுமே என்று பலர் கடை கடையாக அலைகிறார்கள். இந்த யந்திரத்தின் கிராங்குக்குப் பின்புறத்தில் ரப்பர் சீலே கிடையாது. கிராங்கில் வெட்டப்பட்ட திருகுக் காடியே ஆயிலை உள்ளே திருப்பி அனுப்புகிறது. முதலில் கிராங்க் கேஸின் மூச்சுக்குழாய் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். அடைத்தால் உள்ளழுத்தம் கூடி ஆயிலை வெளியே தள்ளும். பக்கவாட்டில் டேப்பெட் மூடிகளின் தக்கை கேஸ்கெட்டிலிருந்து வழிந்து பின்னோக்கிப் போவதையும் பின் சீலின் குற்றமாக எண்ணிவிடுகிறோம்.

வண்டியின் அடியில் படுப்பவர்கள் ஜாக்கியை மட்டும் நம்பாமல் உறுதியான தாங்கிகள் மேல் வண்டியை நிறுத்துங்கள். பேட்டரி ஒயரைக் கழற்றிவிடுங்கள். உறுப்புகளைப் பெட்ரோலில் கழுவாமல் மண்ணெண்ணெயிலோ டீசலிலோ கழுவுங்கள். பழைய கேஸ்கெட்டுகளில் கல்நார் இருக்கும். உலரச் சுரண்டித் தூளைச் சுவாசிக்கவேண்டாம்.

மாற்றிய பழைய உறுப்புகளை உடனே காயலான் கடைக்குப் போடாதீர்கள் என்பது என் இன்னொரு பிரார்த்தனை. சென்னைப் புதுப்பேட்டையிலும் பிற ஊர்ச் சந்தைகளிலும் நமக்குக் கிடைக்கும் சாமான்களில் நல்லனவும் உண்டு. அளவு பிசகியனவும் உண்டு. புதிதென்று வாங்கிய புஷ் ராடு நீளம் குறைந்திருந்ததையும், புது வால்வுத் தண்டு பழையதைவிட மெலிந்திருந்ததையும் நான் கண்டிருக்கிறேன். பழையது கையில் இருந்ததால்தான், பக்கத்தில் வைத்து அளந்து அவற்றைத் திருப்பிக்கொடுக்க முடிந்தது.

ஆதலின் அன்பர்களே, உங்கள் வண்டியின் நான்கு சிலிண்டர்களின் ரிங் இடைவெளி, எட்டு டேப்பெட்டுகளின் அளவு, கம்ப்ரெஷன், ஓடிய கிலோமீட்டர், போட்ட ஆயில் ஆகியவற்றை எழுதிவையுங்கள். எழுதியதை ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வண்டியின் அளவு ஒருவருக்கே பயன்படும். ஐம்பது வண்டிகளின் அளவுகள் சேர்ந்தால், எந்த உறுப்பு எத்தனை கிலோமீட்டரில் எப்படித் தேய்கிறது என்பது அந்த நான்கு மேஸ்திரிகளும் அறிந்திருந்ததைவிடத் தெளிவாக நமக்குத் தெரியும். என் நோட்டின்படி, அன்று 20 தௌ பெரிதாக்கிய சிலிண்டர்கள், சென்ற தை மாதம் ஹெட்டைத் திறந்து அளந்தபோது, இத்தனை ஆண்டு ஓட்டத்துக்குப் பின்னும் 4 தௌதான் தேய்ந்திருக்கின்றன. ரிங்குகளைத் தொடாமலே மூடிவிட்டேன். அந்த நோட்டைப் பார்க்க விரும்பி எங்கள் ஊர்ப்பக்கம் வருபவர்கள் எந்த ஞாயிற்றுக்கிழமையும் கொட்டகைக்கு வரலாம். முதற்பக்கத்திலிருந்து புரட்டாமல் இரண்டாம் சிலிண்டருக்குரிய பக்கத்தை முதலில் பாருங்கள். உடைந்த ரிங்கின் மூன்று துண்டுகளையும் அங்கேதான் தைத்துவைத்திருக்கிறேன்.

இங்ஙனம்,
உங்கள் அன்பன்,
திண்டுக்கல்